தொண்ணூறு நாள் கடந்தும் ‘விருந்தினர்’: சட்டத்தின் கண்ணில் படாத லாட்ஜ்வாசிகள்

புது தில்லி:

நாட்டின் எந்த ஊரில் உள்ள லாட்ஜுக்குச் சென்றாலும் முதலில் நீட்டப்படுவது ஒரு பதிவேடு. பெயர், சொந்த ஊர், வந்த நாள், வந்த நோக்கம், புறப்படும் நாள் எனக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். இரண்டு நாள் தங்க வந்தவர் அனைத்தையும் நிரப்பிவிடுவார். மாத வாடகை பேசி அறை எடுத்தவருக்கோ கடைசிக் கட்டம்தான் சிக்கல். சென்னை திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் ஆண்டுக்கணக்கில் வசிப்பவர்களாயினும், கேரளத்தின் சிறு நகரங்களில் வேலை நிமித்தம் லாட்ஜ் அறையையே வீடாக்கிக் கொண்டவர்களாயினும், புறப்படும் நாள் அவர்களுக்கே தெரியாது.

இவர்கள் லாட்ஜைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சிக்கனம். வீட்டை வாடகைக்கு எடுக்க முன்பணம் வேண்டும், தரகுக் கூலி வேண்டும், கட்டில் முதல் அடுப்பு வரை வாங்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். தமிழக அரசின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் குறிப்பிட்ட பின்னரும், அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் வழக்கம் மறையவில்லை. லாட்ஜில் இந்தத் தொல்லை இல்லை. கட்டில், மின்விசிறி, தண்ணீர், மின்கட்டணம் எல்லாம் ஒரே தொகையில் அடங்கிவிடும். தனி ஆளுக்கு வீடு தரத் தயங்கும் உரிமையாளர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மிச்சமாகும் பணம் ஊரிலிருக்கும் குடும்பத்துக்குச் செல்கிறது.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு வேறொரு விலை உண்டு. ஒரே அறையில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவர் குடியிருப்பவரா, வந்து போகும் விருந்தினரா என்பதில் நாட்டின் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கின்றன. வரிச் சட்டம் ஒன்று சொல்கிறது. வாடகைச் சட்டம் வேறொன்று சொல்கிறது. வாக்காளர் பட்டியலுக்கான விதிகள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இவர்களுக்கெனத் தனிப் பெயரே வைத்திருக்கிறது. இவற்றில் வரிச் சட்டம் மட்டும் 2024-ஆம் ஆண்டில் ஓர் அடி முன்னே வந்தது. மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

விதுரா அறையின் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது விதுரா. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பருக்கும் அறியப்பட்டிருந்த இச்சிற்றூருக்கு, மத்திய அரசு 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் (ஐசர்) நிரந்தர வளாகம் வந்து சேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் வழியில், நெடுமங்காடு அருகே வலியமலையில் இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பின் திரவ உந்து விசை மையமும், விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உள்ளன. இத்தகைய வளாகங்கள் ஓர் ஊருக்கு வரும்போது மாணவர்களுக்கு விடுதியும், பேராசிரியர்களுக்குக் குடியிருப்பும் கட்டப்படுகின்றன. ஒப்பந்தத்தில் ஆறு மாதம், ஓராண்டு என வந்து போகும் தொழில்நுட்பப் பணியாளர், கட்டுமான மேற்பார்வையாளர், கருவி பழுது பார்ப்பவர் ஆகியோர் தங்குமிடத்தைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியதாகிறது.

எடுத்துக்காட்டாக, அப்படியொருவர் அங்கே மாதம் ரூ. 9,000-க்கு லாட்ஜ் அறை எடுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ரூ. 300. சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, நாள் வாடகை ரூ. 1,000-க்குக் குறைவான அறைகளுக்கு வரி விலக்கு இருந்தது. 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டீகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 47-ஆவது கூட்டம் அந்த விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 ஜூலை 18 முதல் அத்தகைய அறைகளுக்கும் 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்துக்குக் குறைவாக உள்ள சிறு லாட்ஜுகள் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால் அவை தப்பின. பதிவு பெற்ற லாட்ஜாக இருந்தால், மேற்சொன்ன ரூ. 9,000 அறைக்கு மாதம் ரூ. 1,080 கூடுதல். ஆண்டுக்கு ரூ. 12,960; ஏறத்தாழ ஒன்றரை மாத வாடகை.

அதே ஊரில் அதே ரூ. 9,000-க்கு ஒருவர் குடும்பத்துடன் வசிக்க வீடு எடுத்திருந்தால் ஒரு பைசாவும் ஜிஎஸ்டி இல்லை. வசிப்பதற்காகத் தனிநபருக்கு வாடகைக்கு விடப்படும் குடியிருப்புக்கு விலக்கு தொடர்ந்தது. வீடு எடுக்க வசதியுள்ளவருக்கு வரி இல்லை. வசதியில்லாமல் லாட்ஜில் தங்கியவருக்கு வரி என்ற தலைகீழ் நிலை அன்று உருவானது.

அவையில் ஒலித்ததும் ஒலிக்காததும்

அந்த வரி நடைமுறைக்கு வந்த 2022 ஜூலை 18 அன்றுதான் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரும் தொடங்கியது. விலைவாசி உயர்வையும் புதிய ஜிஎஸ்டி விதிப்பையும் எதிர்த்து எதிர்க்கட்சிகள் முதல் நாளிலிருந்தே குரல் எழுப்பின. பதாகைகளுடன் போராடியதற்காக ஜூலை 25-இல் காங்கிரஸ் உறுப்பினர்கள் நால்வர் மக்களவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். தமிழகத்தைச் சேர்ந்த மாணிக்கம் தாகூர், ஜோதிமணி ஆகியோரும், கேரளத்தைச் சேர்ந்த டி.என். பிரதாபன், ரம்யா ஹரிதாஸ் ஆகியோருமே அந்த நால்வர். ஆகஸ்ட் 1-இல் இடைநீக்கம் ரத்தானது. அன்றே விலைவாசி குறித்த விவாதமும் மக்களவையில் நடைபெற்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதிலளித்தார்.

அந்த நாள்களில் பெரிதும் பேசப்பட்டவை, உறையிலிட்டு விற்கப்படும் அரிசி, கோதுமை மாவு, தயிர் போன்றவற்றுக்கு விதிக்கப்பட்ட 5 சதவீத வரிதான். மலிவு அறைகளின் மீதான வரி பட்டியலின் ஓரத்திலேயே நின்றது. ஒரேயொரு விதிவிலக்கு, அமிர்தசரஸ் பொற்கோயிலை ஒட்டிய சத்திரங்கள். பக்தர்கள் தங்கும் அந்தச் சத்திரங்களுக்கும் வரியா என்று பஞ்சாபிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆம் ஆத்மி கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் ராகவ் சத்தா நிதியமைச்சரிடம் முறையிட்டார். சமய, அறக்கட்டளை அமைப்புகள் தங்கள் வழிபாட்டுத் தல வளாகத்தில் ரூ. 1,000-க்குக் குறைவான நாள் வாடகைக்கு விடும் அறைகளுக்கு விலக்கு தொடர்கிறது என்று மறைமுக வரிகள் வாரியம் ஆகஸ்ட் 4-இல் விளக்கம் அளித்தது.

பதினேழே நாள்களில் சத்திரத்துக்கு விடை கிடைத்தது. காரணம், அதற்கு ஒரு சமூகம் இருந்தது, ஒரு மாநிலம் இருந்தது, அவையில் பேச ஓர் உறுப்பினர் இருந்தார். திருவல்லிக்கேணி மேன்ஷனிலும் விதுரா லாட்ஜிலும் தங்கியிருப்பவருக்குச் சங்கம் இல்லை. பெரும்பாலும் அந்தத் தொகுதியில் வாக்கும் இல்லை. அவர்களுக்கு விடை கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் பெண்கள் விடுதிகளின் வழக்குகள் வழியாக வந்தது.

நீதிமன்றம் காட்டிய வழி

தனியார் விடுதிகள் குடியிருப்புகளா, வணிகத் தங்குமிடங்களா என்ற கேள்வி பல நீதிமன்றங்களின் முன் வந்தது. மாணவர்களும் பணிபுரிவோரும் நீண்ட காலம் தங்கும் விடுதியைக் குடியிருப்பாகவே கருத வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால், வரி குறித்த முன்கூட்டிய தீர்வுகளை வழங்கும் அதே மாநில ஆணையம், 2023 ஜூலையில் விடுதிக் கட்டணத்துக்கு 12 சதவீத வரி உண்டு என்று கூறியது. தமிழகத்தில் பெண்கள் விடுதி நடத்துவோர் தொடர்ந்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச் 22-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விடுதியில் தங்குபவர் அந்த அறையை உண்ணவும் உறங்கவும் வாழவும் பயன்படுத்துகிறாரா என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

இதன் பின்னர், 2024 ஜூன் 22-இல் தில்லியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 53-ஆவது கூட்டம் புதிய விலக்கு ஒன்றைப் பரிந்துரைத்தது. ஜூலை 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நபர் ஒருவருக்கு மாதம் ரூ. 20,000-க்கு மிகாத தங்குமிடச் சேவைக்கு, குறைந்தது 90 நாள்கள் தொடர்ந்து வழங்கப்படுமானால் ஜிஎஸ்டி இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு வெளியே தங்கும் மாணவர்களையும் உழைக்கும் மக்களையும் கருத்தில் கொண்டே இந்த முடிவு எடுக்கப்பட்டதாக நிதியமைச்சர் தெரிவித்தார். முந்தைய ஆண்டுகளில் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தியவர்களுக்கும் நிவாரணம் அளிக்கப்பட்டது.

அறிவிக்கையின் வாசகத்தில் ‘விடுதி’ என்ற கட்டுப்பாடு இல்லை; ‘தங்குமிடச் சேவை’ என்றே இருக்கிறது. எனவே மாத வாடகை லாட்ஜும் இதற்குள் வரும். ஆனால் மூன்று அளவுகோல்களையும் கவனிக்க வேண்டும். நாள் ரூ. 900 வீதம் அறை எடுத்தால் மாதம் ரூ. 27,000 ஆகும். ஒருவரே தங்கினால் வரம்பைத் தாண்டுவதால் விலக்கு இல்லை. இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ரூ. 13,500, விலக்கு உண்டு. மூன்றாவது நிபந்தனையான ‘தொடர்ந்து’ என்ற சொல்தான் முக்கியமானது. ஊருக்குப் போகும்போது அறையைக் காலி செய்து, திரும்பி வந்து புதிதாகப் பதிவு செய்தால் தொண்ணூறு நாள் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ரசீதில் தொடர்ச்சி இல்லையெனில் உரிமையும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ரூ. 7,500 வரையிலான அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், விலக்கு கிடைக்காதவரின் சுமையும் குறைந்திருக்கிறது. ரூ. 9,000 அறைக்கு அது மாதம் ரூ. 450.

தில்லியின் நீண்டகால விருந்தினர்கள்

விடுதி அறையில் மாதக்கணக்கில் வாழ்வது தலைநகருக்குப் புதியதன்று. பொதுத் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் தில்லிக்கு வரும்போதெல்லாம், முன்னாள் உறுப்பினர்கள் அரசு பங்களாக்களைக் காலி செய்யும் வரை இவர்கள் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுகிறது. ஜன்பத்தில் உள்ள வெஸ்டர்ன் கோர்ட், ரஃபி மார்கில் உள்ள விட்டல்பாய் படேல் இல்லம், மாநில அரசுகளின் இல்லங்கள் ஆகியவை நிரம்பியதும் அடுத்த இடம் ஹோட்டல்தான். 2014 தேர்தலுக்குப் பிறகு புதிய உறுப்பினர்கள் பலர் அசோகா ஹோட்டலில் மாதக்கணக்கில் தங்க வைக்கப்பட்டனர். அதற்கான செலவு பொதுப் பணத்திலிருந்து சென்றது.

அதற்கு முன் 2009-இல், அன்றைய வெளியுறவு அமைச்சரான மறைந்த எஸ்.எம். கிருஷ்ணாவும், திருவனந்தபுரத்திலிருந்து முதல்முறையாகத் தேர்வாகி வெளியுறவு இணையமைச்சரான சசி தரூரும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் தங்கியிருந்தது சர்ச்சையானது. சொந்தப் பணத்திலேயே தங்கியதாக இருவரும் விளக்கமளித்தனர். அரசு சிக்கன நடவடிக்கைகளை அறிவித்திருந்த நேரம் என்பதால், அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜியின் அறிவுறுத்தலை ஏற்று இருவரும் அங்கிருந்து வெளியேறினர்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வெஸ்டர்ன் கோர்ட்டை ஒட்டி 88 அறைத் தொகுதிகளுடன் இணைப்புக் கட்டடம் கட்டப்பட்டது. 2018 ஏப்ரலில் பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். 2019-இல் புதிய உறுப்பினர்கள் யாரும் ஹோட்டல்களில் தங்க வைக்கப்பட மாட்டார்கள் என்று மக்களவைச் செயலகம் அறிவித்தது. நீண்ட காலம் ஹோட்டலில் வாழ வேண்டிய நிலை தன் உறுப்பினர்களுக்கு வந்தபோது, நாடாளுமன்றம் அதை ஒரு பிரச்னையாக ஏற்றுக்கொண்டு கட்டடம் எழுப்பித் தீர்த்துக்கொண்டது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

வாடகைச் சட்டங்களின் ஒரே வாசகம்

வரியில் கிடைத்த ஏற்பு வாடகைச் சட்டத்தில் கிடைக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1960-ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த தமிழகச் சட்டம், 1965-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் ஆகிய மூன்றும் கட்டடம் எது என வரையறுக்கும்போது ‘ஹோட்டல் அறை இதில் சேராது’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்த்தன. 2021 ஜூன் 2-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமும் ஹோட்டல், லாட்ஜ், தர்மசாலை, சத்திரம் ஆகியவற்றை விலக்கியே வைத்தது. அறுபது ஆண்டுகளில் நகரங்கள் மாறிவிட்டன, வாசகம் மாறவில்லை.

இதன் விளைவு எளிது. வாடகைதாரரை வெளியேற்றச் சட்டம் ஒரு வழிமுறையை வகுத்திருக்கிறது. அறிவிப்பு உண்டு, விசாரணை உண்டு. லாட்ஜ்வாசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐந்து ஆண்டுகள் தவறாமல் பணம் கட்டியவரானாலும், நாளை அறை வேண்டும் என்று சொல்லிவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1959-இல் தில்லி இம்பீரியல் ஹோட்டலின் இரு அறைகள் தொடர்பான வழக்கில், ஓர் ஏற்பாடு குத்தகையா வெறும் அனுமதியா என்பதை ஆவணத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்தக் கோட்பாடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் மாத வருமானம் ரூ. 20,000 உள்ள ஒருவர், அறையின் தன்மை குறித்து நீதிமன்றத்தில் வாதிடச் செல்வார் என எதிர்பார்க்க முடியாது.

2020 மார்ச்சில் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டபோது இந்த இடைவெளி வெளிப்பட்டது. வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்றும், தொழிலாளர்களையும் மாணவர்களையும் வெளியேற்றக் கூடாது என்றும் மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29-இல் உத்தரவிட்டது. லாட்ஜ் அறைக்குச் செலுத்தும் தொகை வாடகையா, கட்டணமா என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் விடை இல்லை. மெஸ்கள் மூடப்பட்ட நிலையில் சமையலறை இல்லாத அறையில் எத்தனை நாள் இருக்க முடியும்?

வாக்கு எந்த ஊரில்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 19-ஆவது பிரிவு, ஒரு தொகுதியில் ‘வழக்கமாக வசிப்பவர்’ அங்கே வாக்காளராகலாம் என்கிறது. ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதனால் மட்டுமே ஒருவர் அங்கு வசிப்பவராகிவிட மாட்டார் என்று 20-ஆவது பிரிவு விளக்குகிறது. ஆக, லாட்ஜில் ஆண்டுக்கணக்கில் வசிப்பவர் அந்த முகவரியில் வாக்காளராவதற்குச் சட்டம் தடையில்லை. நடைமுறைதான் தடை. முகவரிச் சான்றாகக் கேட்கப்படுபவை குடிநீர், மின்சார, எரிவாயு ரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் போன்றவை. லாட்ஜில் மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தம் என்ற ஒன்றே இருக்காது.

விடுதி மாணவருக்குக் கல்வி நிறுவனத் தலைவரின் சான்றிதழ் போதும் என்று தேர்தல் ஆணையம் வழி செய்திருக்கிறது. நடைபாதையில் உறங்குவோருக்குச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். லாட்ஜ்வாசியோ பொதுவான வழியில், கள ஆய்வுக்கு வரும் அலுவலரின் மனநிறைவை நம்பியே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பலர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயரை விட்டுவைக்கின்றனர்.

அங்கேயும் இப்போது சிக்கல். 2025 நவம்பர் 4-இல் தமிழகத்திலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவர்களில் சுமார் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் எனக் குறிக்கப்பட்டனர். வீட்டில் அலுவலர் கதவைத் தட்டியபோது வேலைக்காக வெளியூர் லாட்ஜில் இருந்தவருக்கு, ஊரில் இல்லை என்பதால் அங்கேயும் பெயர் நீங்கும். நிலையான முகவரி இல்லை என்பதால் இங்கேயும் சேராது என்ற ஆபத்து இருக்கிறது. தாற்காலிகமாக வெளியே சென்றிருப்பதனால் மட்டும் ஒருவர் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எது தாற்காலிகம் என்பதை அது நாள் கணக்கில் சொல்லவில்லை.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அதே 20-ஆவது பிரிவின் (1பி) உட்பிரிவு, நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினர்கள் தங்கள் கடமையின் பொருட்டுத் தொகுதியில் இல்லாமல் போனாலும், பதவிக் காலத்தில் அங்கு வசிப்பவர்களாகவே கருதப்படுவர் என்கிறது. தில்லியில் பங்களாவில் இருந்தாலும் ஹோட்டலில் இருந்தாலும் அவர்களது வாக்கு ஊரில் பத்திரமாக இருக்கும். கடமையின் பொருட்டு வெளியூரில் வாழ்வது என்னவென்று அவைக்குத் தெரியும் என்பதற்கு இந்த உட்பிரிவே சான்று. 2025 டிசம்பரில் மக்களவையில் தேர்தல் சீர்திருத்தம் குறித்து இரண்டு நாள் விவாதம் நடந்தது. இடம்பெயர்ந்து வாழ்வோரின் வாக்கு அதற்குப் பின்னரும் தீராத கேள்வியாகவே இருக்கிறது.

கணக்கெடுப்பு அறிந்த உண்மை

அரசுத் துறைகளில் லாட்ஜ்வாசியை நெடுங்காலமாக அறிந்திருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. உறவினரல்லாத பலர் ஓரிடத்தில் தங்கி, பொதுச் சமையலறையில் உண்டு வாழ்ந்தால் அதை ‘நிறுவனக் குடும்பம்’ என்று அது வகைப்படுத்துகிறது. உண்டுறை விடுதி, மெஸ், ஹோட்டல், சிறைச்சாலை, ஆசிரமம் ஆகியவை அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள். 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்ட கணக்கெடுப்பு, இவர்கள் எந்த நகரத்தில் எத்தனை பேர் என்பதைத் தெளிவாக்க ஒரு வாய்ப்பு. எண்ணிக்கை தெரியாதவரை கொள்கையும் உருவாகாது.

மலிவு வாடகைக் குடியிருப்புகளுக்கு அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. கேரள அரசு, தான் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அழைக்கும் வெளி மாநிலத்தவருக்காகப் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ விடுதியை 2019-இல் திறந்தது. தமிழகத்தில் பணிபுரியும் மகளிருக்கான ‘தோழி’ விடுதிகள் இயங்குகின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிலாளர்களுக்குத் தங்குகூடப் பாணியிலான வாடகை வீடுகள் கட்டப்படும் என்று 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டும் அறிவித்தது. ஆனால் இவை தொழிற்பேட்டைக்கும் மகளிருக்கும் உரியவை. விற்பனைப் பிரதிநிதி, அச்சகப் பணியாளர், கடைக் கணக்காளர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், துணையை இழந்த முதியவர் ஆகியோருக்கு இன்றும் லாட்ஜ்தான் வீடு.

அளவான தீர்வு போதும்

லாட்ஜ் அறைக்கு முழு வாடகைச் சட்டத்தையும் பொருத்திவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. முன்பணம் இல்லாமல் அறை கிடைப்பதற்குக் காரணமே, வேண்டாதபோது அறையைத் திரும்பப் பெறலாம் என்ற உரிமையாளரின் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை போனால் முன்பணம் வரும். அல்லது 89-ஆவது நாளில் வெளியேற்றம் வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இந்த அனுபவத்தைக் கண்டது. அங்கே குடியிருப்பு ஹோட்டலில் 30 நாள்களைக் கடந்தவருக்கு வாடகைதாரர் உரிமை கிடைக்கும் என்பதால், அதற்கு முன்பே வெளியேறி மறுபடி பதிவு செய்யுமாறு சில ஹோட்டல்கள் கட்டாயப்படுத்தின. அந்தத் தந்திரத்தையே அம்மாநிலம் தனிச் சட்டப் பிரிவின் மூலம் தடை செய்ய வேண்டியதாயிற்று.

இந்தியாவில் புதிய அளவுகோல் எதையும் தேட வேண்டியதில்லை. ஜிஎஸ்டி கவுன்சில் வகுத்த 90 நாள் என்ற எல்லை இருக்கிறது. மத்திய, மாநில நிதியமைச்சர்கள் கூடி ஏற்றுக்கொண்ட எல்லை அது. அதைக் கடந்தவருக்கு மூன்றை மட்டும் உறுதி செய்தால் போதும். மாதந்தோறும் பெயரிட்ட ரசீது. வெளியேறச் சொல்லக் குறைந்தபட்ச அவகாசம். வாக்காளர் பட்டியலும் வங்கியும் ஏற்கும் வகையில் லாட்ஜ் நிர்வாகம் அளிக்கும் வசிப்பிடச் சான்று. முதலாவது வரி விலக்குக்கும் தேவைப்படுவதே. இரண்டாவதை மாநில அரசுகள் செய்யலாம். மூன்றாவதற்குத் தேர்தல் ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்; மாணவர் விடுதிக்கு ஏற்கெனவே செய்திருப்பதை லாட்ஜுக்கும் விரிவுபடுத்தினால் முடிந்தது.

வெஸ்டர்ன் கோர்ட் பதிவேட்டிலும் புறப்படும் நாளுக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே தங்கும் உறுப்பினர் அதை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் அவரது வாக்கும் முகவரியும் உரிமையும் அப்படியே இருக்கும். விதுராவிலும் திருவல்லிக்கேணியிலும் அந்தக் கட்டத்தை வெற்றிடமாக விட்டுச் செல்பவருக்கு அந்த உறுதி இல்லை. தனக்கு ஓர் உட்பிரிவை எழுதிக்கொண்ட அவை, அவருக்கும் ஒன்றை எழுதுமா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.